கச்சானுக்கு எதிரே ஒரு நாள், கச்சானோடு ஒரு நாள்

காற்றுக்குப் பெயர் உண்டு என்று நான் தெரிந்துகொண்டது 1986 மே மாதக் கடைசியில், உவரிக் கடற்கரையில். வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்து, கிழிசலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் சொன்னார். எனக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்கள். அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிளைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு, சித்தி மகனுக்கு மட்கார்டில் வெள்ளை பெயின்டால் நம்பர் எழுதிய வாடகைச் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொடுத்து, விடியும் முன்னே திருச்செந்தூரிலிருந்து கிளம்பியிருந்தோம். கடலை ஒட்டியே மிதித்து இருட்டுவதற்குள் கன்னியாகுமரி போய்விட வேண்டும் என்பது திட்டம்.

“எங்க மக்கா போறிய?” என்றார். சொன்னோம். முடிச்சை இறுக்கிப் பல்லால் நூலைக் கடித்துவிட்டு, பக்கத்திலிருந்து ஒரு பிடி மணலை அள்ளினார். உட்கார்ந்தபடியே கையைத் தலைக்கு மேலே தூக்கி மெல்ல விட்டார். மணல் நேரே கீழே விழவில்லை. நாங்கள் வந்த திசையைப் பார்த்துச் சாய்ந்து, புகைபோல நீண்டு போய் விழுந்தது.

“பாத்தியளா, இது கச்சான். மேக்கேயிருந்து வரும். இன்னும் ரெண்டு மூணு மாசத்துக்கு இப்பிடித்தான் அடிக்கும். கன்னியாமரியிலயிருந்து கெளம்பியிருந்தா அதுவே கொண்டாந்து விட்டிருக்கும். நீங்க அது மூஞ்சியில ஏறிப் போறிய.”

தெற்கிலிருந்து வந்தால் சோழகம், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல் என்று மற்ற மூன்றையும் அவரே எண்ணிச் சொன்னார், சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துகிறவர்போல. காலையிலிருந்து எங்கள் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது யார் என்று தெரிந்ததும் ஏனோ களைப்பு கொஞ்சம் குறைந்தது. திரும்பி வருகிற வழியில் அவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு ஏறி மிதித்தோம். ஆனால் சோதிக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தபோது தொடையில் உயிரில்லை. மறுநாள் இரண்டு சைக்கிளையும் பஸ்ஸின் மேலே கயிறு போட்டுக் கட்டி ஊர் வந்து சேர்ந்தோம். அந்தப் பெரியவரின் வார்த்தை முப்பத்தொன்பது வருடம் அப்படியே என்னிடம் கிடந்தது.

2025 ஜூன் மாதம், என் மகள்தான் அதைக் கிளறினாள். வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை பார்க்கிறவள், கியர் வைத்த சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போய் வருவாள். திருச்செந்தூர்–கன்னியாகுமரி கதையை அவளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒருநாள் போனை என்னிடம் நீட்டி, “அப்பா, இதைப் பாருங்க. நாம திருச்செந்தூர்லேயிருந்து போகக் கூடாது, கன்னியாகுமரியிலேயிருந்துதான் வரணும்” என்றாள். திரையில் தென் தமிழ்நாட்டின் முனை. அதன்மேல் ஊசி ஊசியாக நூற்றுக்கணக்கான அம்புகள், எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு பிடி மணலில் அந்த மனிதர் காட்டியதையே செயற்கைக்கோளும் கணினியும் சேர்ந்து காட்டுகின்றன. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. “இந்தக் காத்துக்குப் பேர் என்னன்னு போட்டிருக்கா?” என்று கேட்டேன். “மணிக்கு 28 கிலோமீட்டர்னு போட்டிருக்கு” என்றாள்.

அப்படித்தான் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டரை மறுமுனையிலிருந்து தொடங்கினோம்.

கன்னியாகுமரியில் விடுதி மாடியிலிருந்து பார்த்தால் விவேகானந்தர் பாறையும், 133 அடி வள்ளுவரும், இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலமும் விளக்கு வெளிச்சத்தில் கடல்மேல் மிதக்கின்றன. நாங்கள் 1986-இல் வந்து விழுந்த இரவில் 1970-இல் கட்டிய விவேகானந்தர் மண்டபம் மட்டும்தான் இருந்தது. பக்கத்துப் பாறை இருட்டோடு இருட்டாகக் கிடந்தது. வள்ளுவர் 2000-ஆம் ஆண்டு முதல் நாளில்தான் அங்கே எழுந்தார். பாலம் 2024 டிசம்பர் கடைசியில் திறந்தது. அன்று மணலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, அந்த இருட்டுப் பாறையில் அலை மோதுவது வெள்ளையாகத் தெரிந்து தெரிந்து மறைவதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனோம். இன்று அலை கண்ணில் படவில்லை, விளக்குதான் தெரிகிறது. ஆனாலும் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பாலத்தின் நடுவில் நின்று காலடியில் கடலைப் பார்க்கும் குடும்பங்களைப் பார்த்தபோது, இருட்டுப் பாறையே போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஊரைத் தாண்டிச் சாலை வடகிழக்கே திரும்பியதும் முதுகில் ஒரு கை பட்டது. அப்படித்தான் இருந்தது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நிற்க வேண்டுமல்லவா? நிற்கவில்லை. “அப்பா!” என்று மகள் முன்னாலிருந்து கத்தினாள். அவளும் மிதிக்காமல் போய்க்கொண்டிருந்தாள். பெரியவர் சொன்னது உண்மை. முப்பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு, வட்டக்கோட்டைக்குத் திரும்பும் வழியைக் கடக்கும்போது, நான் அதை ஒப்புக்கொண்டேன்.

திருவிதாங்கூர் காலத்தில், குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு அந்த அரசுக்கே படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய் எடுத்துக் கட்டிய கோட்டை அது. 1986-இல் அதன் மதில்மேல் ஏறி நிற்கையில் பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. கண்ணும் உடம்பும் ஓய்ந்து, இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது. இன்று புதிதாய்க் குளித்த உடம்போடு அதே கடலைப் பார்த்தேன். பயணத்தைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டு போவது போலிருந்தது.

அஞ்சுகிராமம் தாண்டிக் கூடங்குளம் நெருங்க நெருங்கக் காற்றாலைகள். வடமேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், அங்கே மலை விட்ட இடைவெளியில் பிதுங்கி வரும் காற்றை வாங்கிக்கொள்ள அத்தனையும் மேற்கே முகம் வைத்து நிற்கின்றன. நாங்கள் போன அன்று அந்த வெளியில் காற்றைத் தடுக்க எங்கள் இரண்டு நெஞ்சும் பனைமரங்களும்தான் இருந்தன. எங்களைத் தள்ளிய அதே கச்சான் இன்று ஊர்களுக்கு விளக்கெரிக்கிறது என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். கூடங்குளம் அன்று ஒரு டீக்கடையில் நாங்கள் பன்னை நனைத்துத் தின்ற ஊர், அவ்வளவுதான். சோவியத் நாட்டோடு அணுமின் நிலைய ஒப்பந்தம் 1988-இல்தான் கையெழுத்தானது. முதல் உலை மின்சாரம் கொடுத்தது 2013 அக்டோபரில். இடையில் 2011-இல் இடிந்தகரை லூர்து மாதா கோவில் பந்தலில் அந்த உலையை எதிர்த்து மீனவப் பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்ததை நாடே பார்த்தது. உலைகளின் குவிமாடம் சாலையிலிருந்து தெரிந்ததும் மகள் நிறுத்திப் படம் எடுத்தாள். நான் அந்த டீக்கடை இருந்த இடத்தைத் தேடினேன். எந்தப் பக்கம் என்றே பிடிபடவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரைச் சாலை என்று பெயரே தவிர, இந்த வழியில் பெரும்பகுதி கடல் கண்ணில் படாது. பனையும் உடைமரமும் செம்மண் தேரியும் மறைத்துக்கொண்டிருக்கும், காதில் மட்டும் இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு ஊருக்குள்ளும் இறங்க வேண்டும், தெருவின் முடிவில் கடல் இருக்கும். அன்று எங்களுக்கு வழி தெரியாது. அதனால் கூத்தங்குழி, பெரியதாழை என்று ஒவ்வொரு ஊரிலும் தெருவுக்குள் போய், முட்டி, கடலைப் பார்த்து, வழி கேட்டுத் திரும்பினோம். கேட்கும்போதெல்லாம் பதில் தனியாக வராது. “யாரு மகன்? சாப்பிட்டியளா?” என்று சேர்ந்தே வரும். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம். மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் குடம் நிரப்பும் ஊர் அது. அந்தத் தண்ணீரில் ஒரு செம்பு கொண்டுவந்து கொடுத்த அம்மா, “வெறுந்தண்ணிய மடமடன்னு குடிக்காதிய, நெஞ்ச அடைக்கும்” என்று சொல்லி ஆளுக்கொரு துண்டுக் கருப்பட்டியையும் உள்ளங்கையில் வைத்தார். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த அந்தத் தண்ணீரின் லேசான உப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. இன்று எங்கள் சைக்கிளில் ஆளுக்கு இரண்டு பாட்டில். வழியை ஒரு பெண் குரல் காதுக்குள் சொல்லிக்கொண்டே வருகிறது. உவரி வரை ஒரு மனிதரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டிய தேவை வரவில்லை. அது எனக்கு வருத்தமாக இருந்தது. அதை மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச தூரம் பேசாமல் வந்து, காதிலிருந்ததைக் கழற்றிப் பையில் போட்டாள்.

நவ்வலடிப் பக்கம் பள்ளிக்கூட நேரம். முன்னால் கூடை வைத்த ஒரே மாதிரிச் சைக்கிள்களில், இரட்டைச் சடையும் சீருடையுமாக ஒரு கூட்டம் பெண்பிள்ளைகள் வந்தார்கள். அரசு கொடுக்கும் விலையில்லாச் சைக்கிள்கள். அன்று அந்தத் தொண்ணூறு கிலோமீட்டரில் நாங்கள் ஒரு பெண்ணைக்கூடச் சைக்கிள்மேல் பார்க்கவில்லை. தண்ணீர்க் குடத்தோடும் மீன் பெட்டியோடும் நடந்தவர்களைத்தான் பார்த்தோம். புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியது 1990-களின் தொடக்கத்தில். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு அரசு சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது 2001-இல், பிறகு அது எல்லோருக்கும் ஆனது. இந்தப் பிள்ளைகள் எங்களைப் பார்த்ததும் மணியடித்தார்கள், மகளும் மணியடித்தாள், உடனே பந்தயம் தொடங்கிவிட்டது. கச்சான் எல்லோரையும் ஒன்றாகத் தள்ளியது. கியரும் ஹெல்மெட்டும் வைத்திருந்தவளைக் கூடைச் சைக்கிள் பிள்ளை ஒருத்தி முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அன்றைய சாலை எனக்கு எவ்வளவு பிரியமானதாக இருந்தாலும், இந்தப் பிள்ளைகள் இல்லாத சாலை அது. இதற்காக அதை விட்டுக்கொடுக்கலாம்.

உவரிக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் மகளின் பின் சக்கரம் உட்கார்ந்தது. அன்று சித்தி மகனின் சக்கரம் உட்கார்ந்தது பெரியதாழைக்கும் உவரிக்கும் நடுவில். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், உடைமுள். வெள்ளை வெளேரென்று ஊசிபோல் நீண்ட அந்த முள் தேரிக்காட்டுச் சாலையெங்கும் கிடக்கும். அன்று சைக்கிளை உருட்டிக்கொண்டே உவரி வந்து, ஓலைக் கொட்டகை ஒன்றில் பஞ்சர் ஒட்டுகிறவரைப் பிடித்தோம். டியூபை வெளியே எடுத்து, காற்றடித்து, தகரத் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கித் திருப்பிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் குமிழி பொரிந்தது. அந்த இடத்தில் கீறிய தீக்குச்சி முனையை அழுத்தி அடையாளம் வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலுஷன் தடவி, அது காயும்வரை வாயால் ஊதி, பழைய டியூபிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டிச் சுத்தியால் தட்டினார். முடிந்தது என்று நாங்கள் எழுந்தபோது, “இருங்க தம்பி” என்று டயருக்குள் விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சுற்று முழுதும் தடவினார். பாதியில் விரல் நின்றது. உள்ளே முறிந்து நின்ற முள்முனையை நகத்தால் இழுத்து எடுத்துக் காட்டினார். “இதை விட்டா இன்னும் ஒரு மைல்தான்” என்றார்.

இன்று மகள் சாலையோரத்திலேயே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சின்னப் பையிலிருந்து சாமான்களை எடுத்தாள். உள்ளே என்னவெல்லாமோ புதிதாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். அதே உப்புத்தாள், அதே சொலுஷன், அதே வாசனை. சாலையில் எத்தனையோ மாறியும் பஞ்சர் ஒட்டும் வேலை மாறவில்லை. அவள் கச்சிதமாக ஒட்டினாள். டயரை மாட்டப் போகும்போது, “இரும்மா” என்று வாங்கி, உள்ளே விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். விரல் நின்றது. முள்முனையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். “இது எப்படிப்பா தெரியும்?” என்றாள். பெயர் தெரியாத அந்தக் கடைக்காரரைப் பற்றி உவரி வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

உவரி, கடலோடிகளின் வாழ்க்கையை ‘ஆழி சூழ் உலகு’ என்ற நாவலாக எழுதிய ஜோ டி குருஸ் பிறந்த ஊர். கப்பல் வடிவில் மாதா கோவில், கரையில் சுயம்புலிங்க சுவாமி கோவில். வள்ளங்கள் நின்ற இடத்தில் இப்போது எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகுகள். வலை பின்ன சிமென்ட் தூண்களோடு கூரை போட்ட கூடம் இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்தோம். வலையை முன்னால் போட்டுக்கொண்டிருந்த இளைஞரிடம், 1986-இல் இங்கே எங்களுக்குக் காற்றின் பெயர் சொன்ன ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னேன். பெயரில்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்க தாத்தாவா இருக்கலாம், எல்லார் தாத்தாவும் அப்பிடித்தான் அண்ணாச்சி” என்றார். பிறகு தன் போனை எடுத்து எங்களுக்குக் காட்டினார். கடல் எச்சரிக்கை, அலையின் உயரம், காற்றின் வேகம் எல்லாம் அதில் வருகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது எச்சரிக்கை போய்ச் சேராமல் ஆழ்கடலில் நின்ற எத்தனை பேர் குமரிக் கரைக்குத் திரும்பவில்லை என்பது இந்தக் கரையில் யாருக்கும் மறக்காது. அதனால் அந்தப் போனைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் மகள் அவரிடம் கேட்டாள்: “இந்தக் காத்துக்கு என்ன பேருங்க?” நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கச்சான்” என்றார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

சாலையோரம் பதனீர் இருந்தது. எவர்சில்வர் பானை, பக்கத்தில் அடுக்கி வைத்த காகிதக் குவளை. “பட்டை இல்லையா?” என்றேன். விற்றவர் சிரித்து, “ஓலை வெட்டணும், கொஞ்சம் நிக்கணும்” என்றார். நின்றோம். பச்சை ஓலையை இரண்டாய் மடித்து, நுனியைச் சுருட்டிக் கட்டிக் கையில் கொடுத்தார். கலயத்துச் சுண்ணாம்பு மணமும் ஓலையின் பச்சை மணமும் கலந்து மூக்கில் ஏறும்போதுதான் அது பதனீர். அதில் நுங்கைக் கீறிப் போட்டார். பட்டையைக் கீழே வைக்க முடியாது, கடைசிச் சொட்டுவரை இரண்டு கையாலும் ஏந்தியிருக்க வேண்டும். அதனால் அந்த நேரம் முழுவதும் மகள் போனைத் தொடவில்லை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஆனால் ஏறுகிறவர்கள் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள், அவருடைய மகன்களும் ஏறவில்லையாம்.

மணப்பாட்டில் புனித சவேரியார் 1542-இல் வந்து தங்கியதாகச் சொல்லும் குகையையும், மேட்டின்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தையும் பார்த்தோம். காற்றாடியைக் கட்டிக்கொண்டு நீரில் சறுக்கும் விளையாட்டுக்காக இப்போது வெளியூர் இளைஞர்கள் இங்கே வருகிறார்கள். அவர்கள் தேடி வருவதும் காற்றைத்தான். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் வரப்போகிறது, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றிப் போக வேண்டும், இங்கிருந்தால் நேராகப் போகலாம் என்பதுதான் காரணம். எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பது ராக்கெட்டுக்கும் முக்கியம் என்று மகள் சொன்னாள்.

இரண்டு மணிக்கெல்லாம் திருச்செந்தூர். ஜூலை 7 குடமுழுக்குக்காகக் கோபுரத்தில் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. அன்று பதினாறு மணி நேரம் ஆன வழிக்கு இன்று நின்று நின்று வந்தும் எட்டரை மணி நேரம். என் வயது கூடியிருக்கிறது, சாலை நன்றாகியிருக்கிறது. ஆனாலும் கணக்கில் பெரிய பங்கு காற்றுடையது.

சித்தி மகனுக்குப் போன் செய்தேன். சென்னையில் பேரனோடு இருந்தான். “கச்சானோடு வந்து பாத்துட்டேன்டா, அந்தப் பெரியவர் சொன்னது சரிதான்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அடுத்த வருஷம் நானும் வாரேன்” என்றான்.

நீங்களும் போய் வாருங்கள். வைகாசி, ஆனியில் போவதானால் கன்னியாகுமரியிலிருந்து கிளம்புங்கள். தண்ணீர் பாட்டில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, வழியில் ஏதாவது ஒரு வீட்டில் கேட்டுக் குடியுங்கள்.